பசை காயும்வரை

மூன்று மாதங்களாக நான் எழுதவில்லை. புத்தகம் கட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டுவது என்றால் பைண்டிங். வீட்டில் முப்பது நாற்பது வருஷமாகச் சேர்ந்து கிடக்கும் சிறுபத்திரிகை இதழ்களை ஆண்டுவாரியாகப் பிரித்து, துருவேறிய பின்களைக் கழற்றி, கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி, தைத்து, அட்டை போட்டு, முதுகுக்குக் காலிகோ ஒட்டி, அம்மிக்கல்லுக்கு அடியில் ஓர் இரவு வைத்து எடுக்கிறேன். பதினான்கு தொகுதிகள் முடிந்திருக்கின்றன. முதல் மூன்றும் கோணல். நாலாவதிலிருந்து சுமார்.

வீட்டுக்கு வருகிற நண்பர்கள் தொகுதிகளைக் கையில் வாங்கி விரித்துப் பார்த்து மூடுகிறார்கள். 'எழுத வராத சமயத்தில் இப்படி ஏதாவது கைவேலை செய்வது ரொம்ப நல்லது. மனம் தெளியும். பிறகு எழுத்து தானே வரும்' என்கிறார்கள். ஒருவர் தோட்டம் போட்டாராம். இன்னொருவர் நாவல் பாதியில் நின்றுபோய் ஆறு மாதம் சமையல் செய்தாராம். (அவர் வீட்டில் நாற்பது வருஷமாகச் சமைத்துவரும் அம்மாளுக்கு எது நின்றுபோனதால் சமையல் வந்தது என்று நான் கேட்கவில்லை.)

இந்த ஆமோதிப்புதான் என்னைத் தொந்தரவு செய்கிறது. அவர்கள் பார்வையில் பைண்டிங் ஒரு கஷாயம். குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு எழுத உட்காரவேண்டியதுதான். கஷாயம் என்றால் அது வேலை இல்லை. வேலை என்றால் அது எனக்குக் கஷாயமாக இருக்க முடியாது. கையில் ஊசியை வைத்துக்கொண்டு மனம் எழுத்து வந்துவிட்டதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தால் தையல் கோணும். வாசலைப் பார்க்காமல் தைத்தால், எழுதவேண்டியதை மறந்தாயிற்று என்று பொருள். எழுதக் கடமைப்பட்ட ஒன்றை எழுதாமல் வேறொரு காரியத்தில் கையை வைக்க எனக்கு உரிமை உண்டா? உண்டு என்றால் எதுவரை? சோம்பல், ஓய்வு, தப்பித்தல் ஆகிய மூன்றும் வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கின்றன. உள்ளேயிருந்து பார்த்தாலும் அப்படித்தான் இருக்கின்றன என்பதே சங்கடம்.

நான் எழுதவேண்டியிருந்தது பெரிய சிருஷ்டி ஒன்றுமில்லை. ஒரு முன்னுரை. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த கவிஞர், நண்பர். காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அவருடைய கவிதைகள் முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டுவர அவர் மனைவி முனைந்து, கணினியில் அடிக்கச் செய்து, பிழைதிருத்தமும் முடித்துவிட்டார். என் ஐந்து பக்கத்துக்காகப் புத்தகம் காத்திருக்கிறது. நான் பதினோரு தொடக்கங்கள் எழுதினேன். ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்தது. அதுதான் கோளாறு. யாரைப் பற்றியும் எழுதிவிடக்கூடிய நன்றாக அது. பன்னிரண்டாவது தொடக்கத்தில் பேனா நின்றது.

அப்போதுதான் எல்லோரிடமும் 'எழுத வரவில்லை' என்று சொல்ல ஆரம்பித்தேன். இந்தத் தமிழ் வாக்கியத்தைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். 'நான் எழுதவில்லை' என்றால் குற்றவாளி யார் என்று தெரிகிறது. 'எனக்கு எழுத வரவில்லை' என்றால் குற்றவாளி காணாமல் போகிறான். மழை வரவில்லை, பஸ் வரவில்லை, எழுத வரவில்லை. நான் நிறுத்தத்தில் குடையுடன் நிற்கும் பயணி. வரவேண்டியது எங்கிருந்தோ வரவேண்டும். வராததற்கு நான் பொறுப்பல்ல. எழுத்தாளர்கள் மத்தியில் இந்த வாக்கியத்துக்கு ஒரு புனிதம்கூட உண்டு. வராதவனுக்கு வந்துகொண்டேயிருப்பவனைவிட மதிப்பு அதிகம்.

திருவல்லிக்கேணியில் எனக்கு பைண்டிங் சொல்லிக்கொடுத்த பாயிடம் ஒருநாள் கேட்டேன்: 'சில நாள் வேலை வராது இல்லையா பாய், அப்ப என்ன பண்ணுவீங்க?' அவர் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, 'மழைக்காலத்துல அப்படித்தான் சார், ஆர்டர் வராது. ஜூன்ல ஸ்கூல் நோட்டு வந்துடும்' என்றார். நான் கேட்டது அவருக்குப் புரியவில்லை என்று அன்று நினைத்தேன். என் கேள்விக்கு அவருடைய தொழிலில் பொருளே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. தையல் 'வராத' பைண்டர் கிடையாது. தைக்காத பைண்டர் உண்டு. தைக்கவில்லை என்றால் ஏன் தைக்கவில்லை என்று ஒரு காரணம் இருக்கும். காய்ச்சல், கடன், மகள் கல்யாணம். அதைப் பெயர் சொல்லிச் சொல்வார்.

பாயிடம் கற்றது கொஞ்சம்தான். மைதாவைச் சலித்து, கட்டி தட்டாமல் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் சேர்ப்பது. தாளுக்கு ஒரு போக்கு உண்டு. அந்தப் போக்கில் மடித்தால் மடியும், குறுக்கே மடித்தால் முரண்டும். அட்டையின் போக்கையும் தாளின் போக்கையும் ஒரே பக்கமாக வைக்காவிட்டால் பசை காயும்போது அட்டை வளைந்துகொள்ளும். மழைநாளில் ஓர் இரவு போதாது, இரண்டு இரவு கனத்தின் கீழ் வைக்கவேண்டும். 'அவசரப்பட்டா முதுகு பிளந்துக்கும் சார்.' இதில் என்னை ஈர்த்தது ஒரே விஷயம். தப்பு தெரியும். பதினோரு தொடக்கங்களில் எது கோணல் என்பதை நடையழகால் நான் மறைத்துவிட முடியும், என்னிடமிருந்தே. கோணலான அட்டையை எந்த நடையாலும் மறைக்க முடியாது. மேஜைமேல் வைத்தால் ஆடும்.

ஆனால் இதைச் சொல்லும்போதே கைவேலையைப் பற்றி எழுத்தாளர்கள் காலங்காலமாகப் பாடிவரும் பாட்டில் நானும் சேர்ந்துகொள்கிறேனோ என்று கூச்சமாயிருக்கிறது. அந்தப் பாட்டின் பெரிய பாடகர் டால்ஸ்டாய். 1880களில் மாஸ்கோ வீட்டில், எழுதும் அறைக்கு அடுத்த அறையில் கருவிகளை வைத்துக்கொண்டு, ஒரு தொழிலாளியிடம் பூட்ஸ் தைக்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு எழுத்து வராமலில்லை. தன்னுடைய எழுத்தின்மீதே நம்பிக்கை போய்விட்டிருந்தது. 1883ல் மரணப்படுக்கையிலிருந்த துர்கனேவ் இலக்கியத்துக்குத் திரும்பிவருமாறு அவருக்குக் கடிதம் எழுதினார். டால்ஸ்டாய் பூட்ஸ் தைத்துக்கொண்டிருந்தார். 1886ல் முடித்த 'அப்படியானால் நாம் செய்யவேண்டியது என்ன' நூலில், மனிதனுடைய ஒரு நாளையே நாலாகப் பங்கிடச் சொல்கிறார்: வேர்வை சிந்தும் உழைப்பு, விரல்களின் திறமை கேட்கும் தொழில், அறிவின் வேலை, மனிதர்களோடு பழகுதல்.

அவர் தைத்த பூட்ஸ்களில் இரண்டு ஜோடிகளைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படுகிறது. 1885ல் கவிஞர் ஃபெத் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு ஆறு ரூபிள் கொடுத்தார்; இன்னார் தைத்தது, இவ்வளவு கொடுத்தேன் என்று எழுத்துமூலம் ஒரு சான்றும் கொடுத்தார். இன்னொரு ஜோடி, பிற்பாடு டால்ஸ்டாயின் மருமகனான சுகோதினுக்குப் போயிற்று. அவர் அதைக் காலில் போட்டுக்கொள்ளவில்லை. டால்ஸ்டாய் நூல்தொகுப்பின் பன்னிரண்டு தொகுதிகளுக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்து, 'பதின்மூன்றாம் தொகுதி' என்று சீட்டு ஒட்டினார். இது எல்லோரும் ரசிக்கிற வேடிக்கை. எனக்கு இதில் ஒரு கொடுமை தெரிகிறது. பூட்ஸுக்கு நேரக்கூடிய பெரிய அவமானம் அலமாரியில் ஏறுவது. வேலையை வேலையாக மதித்தவர் ஆறு ரூபிள் கொடுத்த ஃபெத்தான். சுகோதின் அதை மறுபடியும் இலக்கியமாக்கிவிட்டார். என் தொகுதிகளை முகர்ந்துபார்க்கும் நண்பர்கள் செய்வதும் சீட்டு ஒட்டுவதுதான். எழுதாத மூன்று மாதத்தையும் என் எழுத்து வாழ்க்கையின் ஓர் அத்தியாயமாக, அழகான ஓர் அத்தியாயமாக, எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் வாங்கிக்கொள்கிறேன்.

நம் நாட்டில் இந்தக் கேள்வி ராட்டையைச் சுற்றி ஒருமுறை நேருக்கு நேர் எழுந்தது. 1924 டிசம்பரில் பெல்காமில் கூடிய காங்கிரஸ், உறுப்பினராக இருக்க விரும்புகிறவர் மாதம் 2,000 கஜம் நூல் கொடுக்கவேண்டும் என்று வைத்தது. கவிஞனும் நூற்கவேண்டும் என்பதைக் காந்தி 1921லேயே எழுதியிருந்தார். தாகூர் 1925ல் ராட்டை வழிபாட்டைப் பற்றி எழுதிய கட்டுரையில் மறுத்தார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வது மனத்தை மழுக்கும் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. பசித்தவனுக்கு வேலை இல்லாத நாட்டில் நூற்பது வேள்வி, அதில் கவிஞனுக்கும் பங்கு உண்டு என்பது காந்தியின் பக்கம். இளவயதில் நான் தாகூர் கட்சி. நடுவயதில் காந்தி கட்சி. ஊசியோடு உட்கார்ந்த பிறகு, இருவரில் யார் சரி என்பதைவிட, தாகூர் சொன்னது எனக்கு நடந்துகொண்டிருக்கிறது என்பது முக்கியமாகப் போய்விட்டது. திரும்பத் திரும்பச் செய்வது ஏதோ ஒன்றைத் தூங்கவைக்கத்தான் செய்கிறது. நண்பர்கள் 'மனம் தெளியும்' என்பது அந்தத் தூக்கத்தைத்தான். என்னிடம் தூங்கியது எது? பைண்டிங் ஆரம்பித்தபின் முதல் இரண்டு மாதங்களில் அண்ணியின் முகம் ஒருநாள்கூட எனக்கு நினைவு வரவில்லை. (நண்பரின் மனைவியை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன்.) எழுதாததன் வலி போய்விட்டது. வலி போனதை நான் குணம் என்று எடுத்துக்கொண்டேன்.

ராட்டையை மறுத்த தாகூருக்கும் ஒரு மாற்றுவேலை வந்தது. அது வந்த விதம் வேறு. கையெழுத்துப் பிரதியில் வேண்டாத சொற்களை அடிப்பார். அடித்த இடங்கள் பக்கத்தில் காயங்களாகக் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. ஓர் அடித்தலை இன்னோர் அடித்தலோடு கோட்டால் இணைப்பார். கோடுகள் சேர்ந்து ஒரு பறவையாகும், பெயரில்லாத ஒரு மிருகமாகும், முகமாகும். 1924 கடைசியில் அர்ஜென்டினாவில் அவர் நோய்ப்பட்டுத் தங்கியிருந்தபோது விக்டோரியா ஒகாம்போ கவனித்து வியந்தது, 'பூரபி' கவிதைகளின் நோட்டில் இருந்த இந்த அடித்தல்களைத்தான். 1928 வாக்கில், அறுபத்தேழு வயதில், சித்திரம் கவிதைப் பக்கத்தைவிட்டு வெளியேறித் தனித் தாளுக்குப் போயிற்று. 1930 மே மாதம் பாரிஸில் கண்காட்சி. ஒகாம்போதான் உடனிருந்து ஏற்பாடு செய்தார். இறப்பதற்குள் 2,000க்கும் மேற்பட்ட சித்திரங்கள். இதைப் படித்தபோது என்னைத் தைத்தது எண்ணிக்கை அல்ல. அவர் தன்னுடைய பிழை கிடந்த பக்கத்தைவிட்டு எழுந்து போகவில்லை. அடித்த சொல்லின்மீதே பேனாவை வைத்துக்கொண்டிருந்தார். நான் பதினோரு தாளையும் கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

மாற்றுவேலை சுத்தமானது, யாரையும் பாதிக்காதது என்ற நம்பிக்கை ஒன்றும் நமக்கு இருக்கிறது. விட்கன்ஸ்டைனை வைத்து அதைச் சோதிக்கலாம். முதல் நூலோடு தத்துவத்தில் தான் செய்யவேண்டியது முடிந்தது என்று அவர் நினைத்தார். சொத்தைக் கொடுத்துவிட்டு, 1920லிருந்து ஆஸ்திரியக் கிராமங்களில் ஆரம்பப் பள்ளி ஆசிரியராக இருந்தார். பிறகு ஒரு மடத்தில் தோட்டவேலை. பிறகு 1926லிருந்து 1928வரை வியன்னாவில் தம் சகோதரிக்கு ஒரு வீடு. எங்கல்மன் ஆரம்பித்த அந்த வீட்டில் இவர் புகுந்து, கதவின் கைப்பிடியை, ஜன்னலின் தாழ்ப்பாளை, மூலையில் நிற்கும் வெப்பமூட்டியைக்கூட மில்லிமீட்டர் கணக்கில் தாமே வரைந்தார். வீடு முடிந்து துடைக்க ஆரம்பிக்கும் சமயத்தில் பெரிய அறையின் கூரையை 3 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டச் சொன்னார். 1929 ஜனவரியில் கேம்பிரிட்ஜுக்கும் தத்துவத்துக்கும் திரும்பினார். வீடு கட்டியதுதான் அவரைத் தத்துவத்துக்கு மீட்டது என்று கதையை இங்கே அழகாக முடித்துவிடுவது வழக்கம்.

இந்தக் கதையில் ஒரு பையன் விடுபட்டுப்போகிறான். 1926 ஏப்ரலில், ஒட்டர்தால் கிராமத்துப் பள்ளியில், பதினோரு வயதுப் பையன் ஒருவன் பதில் சொல்லத் திணறியபோது விட்கன்ஸ்டைன் அவன் தலையில் அடித்தார். பையன் மயங்கி விழுந்தான். ஆசிரியர் வேலை அன்றோடு முடிந்தது. தோட்டவேலையும் வீடும் அதற்குப் பிறகு வந்தவை. அதாவது, ஓர் அறிவாளி தம் அறிவிலிருந்து விலகி எளிய வேலை பார்க்கப் போன இடத்தில் அடிவாங்கியவை அந்தக் கிராமத்துக் குழந்தைகள். அவருக்கு அது இடைவேளை. அவர்களுக்கு அதுதான் பள்ளிக்கூடம். சுமார் பத்து ஆண்டுகள் கழித்து அவர் அந்தக் கிராமத்துக்குத் திரும்பிப்போய், அடிபட்ட பழைய மாணவர்கள் சிலரின் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த 3 சென்டிமீட்டரைவிட இந்தப் பயணம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. கூரையை உயர்த்தினால் அறை சரியாகும்.

என் மாற்றுவேலையில் யாரும் அடிபடவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அண்ணி மாதம் ஒருமுறை போன் செய்வார். போன மாதம், 'தம்பி, முன்னுரை இல்லாமலே போட்டுடலாமா?' என்று கேட்டார். கோபமாக அல்ல, எனக்கு உடம்பு முடியவில்லையோ என்ற கவலையோடு. வெள்ளிக்கிழமை தந்துவிடுகிறேன் என்றேன். போனை வைத்துவிட்டு மைதா காய்ச்சினேன்.

அது 1984ஆம் வருஷத்துத் தொகுதி. மார்ச் இதழ், 32 பக்கம். எட்டுத் தாள்களை நடுவில் மடித்து இரண்டு பின் குத்தியிருந்தது. பின்னைக் கழற்றினால் தாள்கள் தனித்தனியே வழுக்கி வந்துவிடும். மூன்றாவது தாளின் ஒரு பாதி 5, 6 பக்கங்கள். மறுபாதி 27, 28. மறுபாதியில் என் பெயர் இருந்தது. நண்பரின் நாலாவது தொகுதிக்கு நான் எழுதிய விமர்சனம்.

நின்றுகொண்டே படித்தேன். புதிய தளம், அனுபவ விகசிப்பு, முதிர்ந்த மொழி. எழுதும்போதே அவை பொய் என்று எனக்குத் தெரியும். முதல் மூன்று தொகுதிகளில் பட்டினியாக நின்ற அவருடைய சொற்கள் நாலாவதில் ஊதிப்போயிருந்தன. தன் பழைய கவிதைகளைப் பார்த்துத் தானே பிரதி எடுக்க ஆரம்பித்திருந்தார். அந்தச் சமயம் அவருக்கு வேலை போயிருந்தது. மனம் ஒடிந்திருந்தார். நட்புக்காகச் செய்தேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் முகம் வாடுவதைப் பார்க்கும் சிரமத்தை நான் ஏற்கவில்லை என்பதுதான் சரியான வாக்கியம். அதன்பின் அதே பாணியில் மூன்று தொகுதிகள் போட்டார். என் இரண்டு பக்கம்தான் அவரைக் கெடுத்தது என்று சொன்னால் என்னை நானே பெரிதாக்கிக்கொள்வதாகும். ஆனால் கடைசிவரை, யார் வந்தாலும், அந்த விமர்சனத்தைப் பற்றி அவர் சொல்வார்.

முன்னுரை நின்றுபோன இடம் இதுதான் என்று அப்போது தெரிந்தது. பதினோரு தொடக்கங்களும் இந்த இரண்டு பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போக வழி தேடியவை.

கத்தரிக்கோல் மேஜைமேல்தான் இருந்தது. சொல்ல வெட்கமாயிருக்கிறது, ஆனால் இந்தக் கட்டுரை எதற்கு? பைண்டருக்கு ஒரு தாளை விட்டுவிடுவது மிகச் சுலபம். விடுபட்ட பக்கங்களோடு எத்தனை தொகுதிகளை நாம் பார்க்கிறோம். இந்த இதழின் வேறு பிரதிகள் எங்கெங்கோ இருக்கும்; அதனால் என்ன, என் அலமாரியில் இருக்காது. மாற்றுவேலை என்று நான் ஓடிவந்த இடத்தில், எழுத்தில் செய்த அதே காரியத்தைச் செய்ய அதே கை தயாராக இருந்தது. வேலை மாறியது, கை மாறவில்லை.

வெட்டாததற்குக் காரணம் என் நேர்மை அல்ல. பாய் சொல்லியிருந்த ஒரு தொழில் விஷயம். 'பாதித் தாளை எடுத்தா எதிர்ப் பாதி நிக்காது சார்.' மடிப்புக்கு இந்தப் பக்கம் வெட்டினால் அந்தப் பக்கத்துக்குப் பிடிமானம் போய்விடும். 27ஐ எடுத்தால் 5 உதிரும். 5ல் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகத் தாளைத் திருப்பினேன்.

அவருடைய ஒன்பது வரிக் கவிதை ஒன்று இருந்தது. எனக்கு அது கொஞ்சமும் நினைவில் இல்லை. அவருடைய எந்தத் தொகுதியிலும் அது இல்லை. அண்ணி அடித்துவைத்திருக்கும் பிரதியிலும் இல்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்பதைப் பற்றியது. முன்னால் நிற்பவரின் டின், அதில் கைப்பிடிக்குப் பதில் கட்டியிருந்த கயிறு. அவ்வளவுதான். அதில் ஊதிய சொல் ஒன்றுகூட இல்லை. மகத்தான கவிதை என்று சொல்லமாட்டேன். அந்தத் தப்பை ஒருமுறை செய்தாயிற்று. ஆனால் அந்த வருஷத்தில் அவரால் அப்படி ஒன்று எழுத முடிந்திருக்கிறது. அதே இதழில், அதே தாளில், நான் வேறு எதையோ புகழ்ந்துகொண்டிருந்தேன். இந்த ஒன்பது வரியைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் சொல்லாததால்தான் அவர் அதைத் தொகுதியில் சேர்க்காமல் விட்டார் என்பதற்கு ஆதாரம் இல்லை. சொல்லியிருக்கலாம்.

தாளை மற்றவற்றோடு சேர்த்து அடுக்கித் தைத்தேன். அன்றிரவே எழுத வந்துவிட்டது என்று எழுதினால் நண்பர்களின் கஷாயம் பலித்ததாகிவிடும். வரவில்லை. அதற்குப்பின் இன்னும் இரண்டு தொகுதிகள் கட்டினேன், முன்பைவிட ஒழுங்காகவே. ஆனால் 'எழுத வரவில்லை' என்ற வாக்கியத்தை இனி யாரிடமும் சொல்லக் கூச்சமாகிவிட்டது. பாய்க்கு இருப்பதுபோல் எனக்கும் இப்போது பெயர் சொல்லக்கூடிய ஒரு காரணம் இருந்தது. எழுதினால் இதை எழுதவேண்டும். எழுத எனக்கு இஷ்டமில்லை.

பத்து நாள் கழித்து எழுத உட்கார்ந்தபோது வேறொரு பள்ளம் காத்திருந்தது. முன்னுரையில் மூன்று பக்கம் என் பொய்யைப் பற்றியே வந்தது. உணர்ச்சியோடு, சரளமாக, கண்ணில் நீர் முட்ட. படித்துப் பார்த்தால் அது நண்பரின் தொகுதிக்கு முன்னால் நான் எனக்கே கட்டிக்கொண்ட ஒரு மண்டபம். அவருடைய கவிதைகள் என் பாவமன்னிப்புக்குப் பின்னிணைப்பு. விட்கன்ஸ்டைன் வாசல் வாசலாகப் போய்த்தான் கேட்டார், புத்தகத்தின் முன்னுரையில் கேட்கவில்லை. எனக்குப் போய் நிற்க வாசல் இல்லை. அண்ணியின் வாசல் இருக்கிறது, ஆனால் பிந்திய மூன்று தொகுதிகளையும் கையெழுத்தில் பிரதி எடுத்தவர் அவர்தான். அவை பலவீனமானவை என்று அவரிடம் சொல்வது எனக்கு நிம்மதி, அவருக்கு என்ன? உண்மையைச் சொல்லவேண்டிய காலத்தில், சொல்லவேண்டிய ஆளிடம் சொல்லாதவனுக்கு, பிறகு அதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லும் உரிமை வந்துவிடுகிறதா? முன்னுரை நின்றதற்கு முதல் காரணம் கோழைத்தனம். இரண்டாவது காரணம் ஒருவேளை நியாயமானது. இரண்டையும் பிரித்தெடுக்கத் தெரியாமல்தான் இரண்டுக்கும் சேர்த்து 'வரவில்லை' என்று பெயர் வைத்திருந்தேன்.

மூன்று பக்கத்தை அடித்து இரண்டு வாக்கியமாக்கினேன். 1984ல் இன்ன இதழில் நான் எழுதிய விமர்சனத்தை இன்று ஏற்கமாட்டேன் என்று ஒன்று. அந்தத் தொகுதியிலிருந்து அவர் மொழி தளர்ந்தது என்று நான் கருதுவதாக மற்றொன்று. மீதி நாலு பக்கமும் அவருடைய நல்ல கவிதைகளைப் பற்றி இருக்கவேண்டும். அதில் இரண்டு பக்கம் ஆகியிருக்கிறது. நிற்கிறது. நின்றபோது இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். ஆகவே இதுவும் மாற்றுவேலைதானோ என்று வாசகர் கேட்டால் என்னிடம் மறுப்பு இல்லை.

அண்ணிக்கு நேற்றுப் போன் செய்து அந்த ஒன்பது வரிகளைப் படித்துக் காட்டினேன். 'இன்னொரு தடவை படிங்க தம்பி' என்றார். படித்தேன். 'இது எப்ப எழுதினது?' 1984 மார்ச் இதழ் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. 'அப்ப நாங்க தண்ணித்துறை மார்க்கெட் பக்கம் குடியிருந்தோம். ரேஷனுக்கு அவர்தான் போவார்' என்றார். பிறகு, 'இதை எங்க சேர்க்கிறது, கடைசியிலயா, வருஷப்படியா?' என்று கேட்டார். வருஷப்படி என்றேன். அப்படிச் சேர்த்தால் நாலாவது தொகுதிக் கவிதைகளுக்கு நடுவில் அது வரும்.

'முன்னுரை?'

வெள்ளிக்கிழமை நானே நேரில் கொண்டுவருகிறேன் என்றேன்.

'போன மாசமும் வெள்ளிக்கிழமைன்னுதான் சொன்னீங்க' என்றார்.